எல்லோரும் பாடும் பாட்டு

பாடுவோர் பலர் உண்டு. பாட வைப்போர் சிலரே. தம் குரலின் இனிமையால் கேட்போரைத் தம்பால் ஈர்க்கின்றவர் பாடகர். தாம் ஒதுங்கி நின்று, கேட்டவர் வாயிலெல்லாம் தம் பாட்டை வாழ வைக்கின்றவர் அவரினும் பெரியவர். முன்னவருக்குக் கைதட்டல் கிடைக்கும். பின்னவருக்கோ பல வேளைகளில் பெயர்கூட நிலைப்பதில்லை. தாலாட்டை முதன்முதலில் பாடிய தாய் யார்? நாற்று நடும் பாட்டுக்கு மெட்டுக் கண்ட பெண் யார்? எவரும் அறியார். ஆயினும் அப்பாட்டுகள் வாழ்கின்றன. பாடுவோர் ஒவ்வொருவரும் அவற்றைத் தம்முடையவை என்றே எண்ணுகின்றனர்.

இசையைப் பற்றி எண்ணும்போதெல்லாம் இந்த வேறுபாடு என் நெஞ்சில் எழுவதுண்டு. இதற்கு ஒருவர் வாழ்க்கையைச் சான்றாகக் கூறுமாறு என்னைக் கேட்டால், இமயமலைச் சாரலில் பிறந்த ஓர் இசைஞரையே நான் சுட்டுவேன். அவர் பெயர் அம்பர் குருங். நேபாளி மொழியில் பாட்டு எழுதியும், பாட்டுக்கு மெட்டு அமைத்தும், தாமே பாடியும் புகழ் பெற்றவர் அவர். 'அம்பரம்' என்னும் சொல் வானத்தைக் குறிக்கும் என்பதை நாம் அறிவோம். அவர் பெயருக்கும் அதுவே பொருள். வானம் எவருக்கும் தனியுடைமை அன்று, எல்லார்க்கும் பொதுவானது. அவர் பாட்டும் அத்தகையதே ஆயிற்று.

அம்பர் குருங் 1938-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 26-ஆம் நாள் டார்ஜிலிங்கில் பிறந்தார். அவருடைய தந்தையார் நேபாள நாட்டினர். பணியின் பொருட்டு அம்மலையூரில் வந்து தங்கியவர். டார்ஜிலிங் நம் இந்திய நாட்டைச் சேர்ந்தது. மேற்கு வங்க மாநிலத்தின் வடகோடியில் உள்ளது. ஆயினும் அங்கே கடைத்தெருவிலும் தேயிலைத் தோட்டத்திலும் பெரிதும் ஒலிக்கும் மொழி நேபாளி. வங்காளத்தின் பகுதியாகிய ஊரில் நேபாளி மொழி வேரூன்றியது எவ்வாறு? அந்த வரலாற்றை அறிந்தால்தான் அவருடைய பாட்டின் உயிர் நமக்குப் புலனாகும்.

1835-ஆம் ஆண்டில் சிக்கிம் அரசர் டார்ஜிலிங் மலையைக் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு அளித்தார். 1850-களில் அங்கே தேயிலைத் தோட்டங்கள் தோன்றலாயின. காடு திருத்தவும், சாலை அமைக்கவும், கொழுந்து பறிக்கவும் ஆட்கள் வேண்டியிருந்தனர். கிழக்கு நேபாளத்து மலையூர்களிலிருந்து ஏழை மக்கள் குடும்பம் குடும்பமாக வந்தனர். இளைஞர் பலர் படையில் சேர்ந்தனர். இந்தியாவை அக்கால நேபாள மக்கள் 'முக்லான்' என்று வழங்கினர்; முகலாயர் நாடு என்பது அதன் பொருள். முக்லானுக்குப் போனவன் திரும்பி வருவானோ, வரமாட்டானோ என்று மலைச்சரிவில் தாயும் மனைவியும் காத்திருந்தனர். படைக்குச் சென்றவனை 'லாஹுரே' என்றனர். லாகூருக்குச் சென்று சீக்கியர் படையில் சேர்ந்தவர்களைக் குறித்த பெயர், பின்னர் எந்நாட்டுப் படைக்குச் சென்றவர்க்கும் பொதுப்பெயர் ஆயிற்று.

பிரிவு மிகுந்த நாட்டில் பாட்டும் மிகும் போலும். நேபாள மலையூர்களில் 'கந்தர்வர்' என்னும் பாணர்கள் இருந்தனர். இன்றும் சிலர் உளர். நான்கு நரம்புகள் கொண்ட சாரங்கி என்னும் சிறு கருவியைக் கையில் ஏந்தி, ஊர் ஊராக நடந்து அவர்கள் பாடுவர். வானொலி இல்லாத காலத்தில் செய்தி கொண்டு வந்தவர்கள் அவர்களே. தொலைவில் நடந்த போரையும், அதில் மாண்ட வீரனையும், அவன் வீட்டாரின் துயரையும் அவர்கள் பாட்டிலேயே மக்கள் கேட்டறிந்தனர். இடையில் கட்டிக்கொண்டு இரு கைகளாலும் முழக்கும் 'மாதல்' என்னும் சிறு மத்தளம், ஆடலுக்கும் பாடலுக்கும் துணை நின்றது. மக்கள் ஓரிடம் விட்டு வேறிடம் பெயர்ந்தபோது பொன்னையும் பொருளையும் கொண்டு வரவில்லை. அவை அவர்களிடம் இல்லை. மாதலையும் பாட்டையுமே கொண்டு வந்தனர்.

அம்பர் குருங் வளர்ந்த காலத்தில் டார்ஜிலிங் பல இசைகள் வந்து கலக்கும் ஊராக விளங்கிற்று. ஒருபுறம் புத்த மடங்களில் நீண்ட கொம்புகள் முழங்கின. ஒருபுறம் கிறித்தவக் கோயில்களில் பலர் கூடிப் பல சுரங்களில் இசைந்து பாடினர். கல்கத்தாவிலிருந்து இசைத்தட்டுகள் வந்தன. பம்பாயிலிருந்து திரைப்பாடல்கள் வந்தன. இவற்றுக்கிடையே மலைமக்களின் மாதலும் ஒலித்தது. குருகுலத்தில் அமர்ந்து முறையாக இசை பயிலும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. ஆயினும் அவர் கலங்கவில்லை. தாமே முயன்று கற்றார். கேட்ட ஒலியையெல்லாம் ஆசிரியராகக் கொண்டார். கீழைநாட்டுக் கருவிகளையும் மேலைநாட்டுக் கருவிகளையும் பழகிப் பழகித் தேர்ந்தார்.

தாம் அரிதின் முயன்று பெற்றதைப் பிறர்க்கு எளிதில் கிடைக்கச் செய்வதே கல்வியின் பயன். இளமையிலேயே அவர் டார்ஜிலிங்கில் 'ஆர்ட் அகாடமி ஆஃப் மியூசிக்' என்னும் இசைப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதன் மாணவர் பட்டியல் நம்மை வியப்பில் ஆழ்த்தும். கோபால் யோன்சன் அங்கே பயின்றார். பின்னாளில் நேபாளி இசையமைப்பாளருள் தலைசிறந்தவர் ஒருவராக விளங்கினார். கூம் என்னும் மலையூரிற் பிறந்த அருணா லாமா அங்கே பாடினார். மலைநாட்டுக் குயில் என்று அவரை மக்கள் போற்றினர். ரஞ்சித் கஜ்மேர் அங்கிருந்து பம்பாய் சென்றார், ஆர். டி. பர்மனுடைய இசைக்குழுவில் மாதல் வாசித்து, இந்தித் திரைப்பாடல்களில் மலைநாட்டுத் தாளத்தை ஒலிக்கச் செய்தார். கடைக்குட்டி என்னும் பொருளில் அவரைக் 'காஞ்சா' என்றே இசையுலகம் அழைத்தது. ஒரு சிறிய மலையூர்ப் பள்ளியிலிருந்து இத்தனை பேர் புறப்பட்டனர்! ஆசிரியர் தம் குரலைப் போலவே பாடுமாறு அவர்களைப் பழக்கியிருந்தால் இது நிகழ்ந்திராது. அவரவர் குரலை அவரவர் கண்டுகொள்ளத் துணை செய்தமையால் நிகழ்ந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் டார்ஜிலிங் மலைக்கு ஒருமுறை சென்றிருந்தேன். இரண்டே அடி அகலமுள்ள தண்டவாளத்தின்மீது ஓடும் சிறு புகைவண்டி 1881-ஆம் ஆண்டு முதல் அம்மலையில் ஏறி வருகிறது. கடைத்தெருவின் நடுவே, வீட்டுத் திண்ணைகளை உரசிவிடும்போல் அது ஊர்ந்து செல்லும். 7,407 அடி உயரத்தில் உள்ள கூம் நிலையத்தை அடைந்தபோது மூடுபனி வண்டிக்குள்ளும் புகுந்தது. என் எதிரில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் கம்பளியைப் போர்த்துக்கொண்டு மெல்லிய குரலில் பாடிக்கொண்டிருந்தார். தேயிலைத் தோட்டத்தில் பணிசெய்து ஓய்வு பெற்றவர் அவர் என்பது பின்னர்த் தெரிந்தது. அவர் பாடியதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. ஆனால் அதில் இருந்த ஏக்கம் விளங்கிற்று.

"ஐயா, அது என்ன பாட்டு?" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் வினவினேன்.

"எங்கள் பாட்டு" என்றார்.

"யார் இயற்றியது?"

அவர் என்னைச் சற்றே நோக்கினார். "எங்கள் பாட்டு என்றேனே!" என்றார்.

அவ்விடை என்னைச் சிந்திக்க வைத்தது. இயற்றியவர் பெயரை அவர் அறியாதவர் அல்லர். வண்டி நகரத் தொடங்கிய பின்னர், கவிஞர் பெயரையும் இசைஞர் பெயரையும் அவரே அன்போடு கூறினார். ஆயினும், யாருடைய பாட்டு என்று கேட்டால் அவர் நெஞ்சில் முதலில் எழுந்த விடை 'எங்கள் பாட்டு' என்பதே. கவிஞனுக்கும் இசைஞனுக்கும் இதனினும் உயர்ந்த பரிசில் வேறு உண்டோ?

அப்பாட்டு 'நௌலாக் தாரா' என்னும் பெயரால் வழங்குவது. ஒன்பது இலட்சம் விண்மீன்கள் என்பது அத்தொடரின் பொருள். டார்ஜிலிங் கவிஞர் அகம் சிங் கிரி அதனை எழுதினார். அம்பர் குருங் அதற்கு மெட்டு அமைத்துப் பாடினார். 1960-களின் தொடக்கத்தில் அது மலையெங்கும் பரவிற்று. நேபாளத்துக்கு வெளியே வாழ்ந்த நேபாளி மக்களின் தொகையையே அந்த ஒன்பது இலட்சம் குறித்தது என்பர். முன்னோர் பிறந்த மண்ணிலும் இல்லை. வாழும் மண்ணிலும் தம்மை முழுதும் உரியவராக உணர இயலவில்லை. தம் வரலாறு யாது, தம் இடம் யாது என்று தவித்த மக்களின் உள்ளம் அப்பாட்டில் பேசிற்று.

அது எத்தகைய காலம் என்பதையும் நினைத்தல் வேண்டும். மேற்கு வங்கத்தின் மலைப்பகுதியில் நேபாளி மொழி ஆட்சிமொழியாக ஏற்கப்பட்டது 1961-ஆம் ஆண்டில்தான். இந்திய அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் அம்மொழி இடம் பெற்றது 1992-ஆம் ஆண்டில்தான். தம் மொழிக்கு ஏட்டில் இடம் கிடைக்கும் முன்னரே அம்மக்கள் அதற்குப் பாட்டில் இடம் அமைத்துக்கொண்டனர். சட்டம் மெல்ல நடந்து வந்தது. பாட்டு முன்னே விரைந்து சென்றது.

அம்பர் குருங் மேற்கு வங்க அரசின் நாட்டுப்புறக் கலைக்குழுவில் சில ஆண்டுகள் இசைத்தலைவராகப் பணியாற்றினார். பின்னர் அவர் வாழ்வில் பெரியதொரு திருப்பம் நேர்ந்தது. நேபாளத்தை அப்போது ஆண்டவர் மன்னர் மகேந்திரர். அவர் தாமும் பாடல் எழுதும் வழக்கம் உடையவர், எம். பி. பி. ஷா என்னும் பெயரில் அவர் எழுதிய பாடல்களைப் பாடகர்கள் பாடி வந்தனர். அம்பர் குருங்கின் திறனை அறிந்த அவர், காட்மாண்டுவுக்கு வருமாறு அழைத்தார். 1960-களின் இறுதியில் அம்பர் குருங் அங்குச் சென்று, அரச நேபாளக் கலைக்கழகத்தில் இசைப்பணியை ஏற்றார். தந்தையார் விட்டு வந்த நாட்டுக்கு மைந்தர் திரும்பினார். தாம் பிறந்து வளர்ந்த மலையூரை விட்டுப் பிரிந்தார். பிரிவைப் பாடியவரே பிரிவை ஏற்க வேண்டியதாயிற்று.

காட்மாண்டுவில் அப்போது இசைக்குப் புதிய காலம் பிறந்திருந்தது. 1951-ஆம் ஆண்டில் நேபாள வானொலி தொடங்கப்பட்டது. அதற்கு முன் அரண்மனையிலும் செல்வர் மாளிகையிலும் செவ்வியல் இசை ஒலித்தது. வயலிலும் விழாவிலும் நாட்டுப்பாடல் ஒலித்தது. இவ்விரண்டுக்கும் இடையே 'ஆதுனிக் கீத்' என்னும் புதுவகைப் பாட்டு வானொலியின் வழியே வளர்ந்தது. இக்காலப் பாட்டு என்பது அதன் பொருள். கற்றோரும் மற்றோரும் ஒருங்கே கேட்டு மகிழ்வதற்கு உரியது அது. மேலைநாட்டுக் கித்தாரும் மலைநாட்டு மாதலும் அதில் கைகோத்தன. நாராயண் கோபால் என்னும் பெரும்பாடகர் அவ்வகைப் பாட்டுக்கு அரசராக விளங்கினார். அம்பர் குருங்கின் மாணவராகிய கோபால் யோன்சன் அவருக்கு இசையமைத்துத் தந்தார். அவ்விருவரும் 'மித்' என்னும் நட்புச் சடங்கினால் உடன்பிறப்புப்போல் ஆயினர். வேறு வேறு குலத்தினரையும் உறவாக்கும் அழகிய வழக்கம் அது.

அம்பர் குருங் தனிப்பாடல்களோடு நிற்கவில்லை. நேபாளத்தின் பெரும்புலவராகிய லட்சுமி பிரசாத் தேவகோட்டா எழுதிய 'முனா மதன்' என்னும் காவியத்துக்கு இசை வடிவம் தந்தார். பொருள் தேடி லாசா நகருக்குச் செல்லும் மதனையும், அவனுக்காகக் காத்திருக்கும் முனாவையும் பற்றிய துயரக் கதை அது. அந்நூலின் சிறப்பு ஒன்றை இங்கே குறிப்பிடல் தகும். தேவகோட்டா வடமொழி யாப்பையும் நன்கு அறிந்தவர். எனினும் அக்கதையை அவர் 'ஜ்யாவுரே' என்னும் நாட்டுப்பாடல் சந்தத்தில் எழுதினார். படித்தோர் சிலர் இழிவாகக் கருதிய சந்தம் அது. உழவரும் சுமைகூலிகளும் பாடும் சந்தத்தில் ஒரு காவியமா என்று வியந்தோர் உண்டு. இன்றோ நேபாளி மொழியில் மக்கள் பெரிதும் போற்றும் நூல்களுள் அஃது ஒன்று. மக்கள் சந்தத்தில் பிறந்த அந்நூலுக்கு, மக்கள் இசையில் வளர்ந்த அம்பர் குருங் இசையமைத்தது பொருத்தமே அன்றோ? மாதவ பிரசாத் கிமிரேயின் 'மாலதி மங்களே' என்னும் இசை நாடகத்துக்கும் அவர் இசை தந்தார்.

ஆண்டுகள் உருண்டன. நாட்டின் நிலை மாறிற்று. 1996-ஆம் ஆண்டில் நேபாளத்தில் உள்நாட்டுப் போர் மூண்டது. பத்து ஆண்டுகள் நீடித்த அப்போரில் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒரே ஊரினர் இரு பிரிவாக நின்றனர். ஒரே வீட்டிற் பிறந்தோரும் எதிரெதிரே நிற்க நேர்ந்தது. 2006-ஆம் ஆண்டு ஏப்ரலில் மக்கள் திரண்டு வீதிக்கு வந்தனர். மன்னர் தம் கையில் எடுத்துக்கொண்ட அதிகாரத்தை விட்டுக்கொடுத்தார். அவ்வாண்டு நவம்பரில் அமைதி உடன்பாடு கையெழுத்தாயிற்று.

போர் ஓய்ந்தது, ஆனால் நாட்டுக்குப் பாட்டு இல்லை. 1962-ஆம் ஆண்டு முதல் நாட்டுப்பண்ணாக வழங்கி வந்த பழைய பாட்டு மன்னரின் புகழைப் பாடுவது. அதனைப் பாட மக்களுக்கு இனி மனம் இல்லை. புதிய பாட்டு வேண்டியிருந்தது. அதுவும் எத்தகைய பாட்டு! நேற்றுவரை ஒருவரையொருவர் பகைத்தவர் இருவரும் அருகருகே நின்று பாடுதற்குரிய பாட்டு. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நேபாளத்தில் வழங்கும் மொழிகள் 123. பனிமலையில் வாழ்வோரும், நடுமலையில் வாழ்வோரும், தெற்கே சமவெளியில் வாழ்வோரும் நிறம், உடை, வழிபாடு ஆகியவற்றால் வேறுபட்டவர். அவர் அனைவரும் 'எங்கள் பாட்டு' என்று சொல்லுமாறு ஒரு பாட்டு அமைவது எளிதோ?

பாட்டு எழுதுமாறு நாட்டு மக்களுக்கு அழைப்பு விடுக்கப்பட்டது. 1,272 பாடல்கள் வந்து குவிந்தன. அவற்றுள் ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டது. அதனை எழுதியவர் ஒகல்டுங்கா மாவட்டத்தைச் சேர்ந்த பிரதீப் குமார் ராய் என்னும் இளங்கவிஞர். 'வியாகுல் மைலா' என்பது அவர் புனைபெயர். மைலா என்பது வீட்டில் இரண்டாம் மகனை அழைக்கும் பெயர். வியாகுலம் என்னும் சொல் நமக்கும் தெரிந்ததே. பற்பல நூறு மலர்களைத் தொடுத்த ஒரே மாலையாக நாட்டைக் காண்பது அவர் பாட்டின் கருத்து. கிழக்கில் மேச்சி ஆறு முதல் மேற்கில் மகாகாளி ஆறு வரை விரிந்த மண்ணையும், அதில் வாழும் பல இனத்தையும் பல மொழியையும் அது பாடுகிறது. மன்னர் பெயர் அதில் இல்லை. மக்களே அதில் தலைவர்.

அதற்கு இசையமைக்கும் பொறுப்பு அம்பர் குருங்கிடம் வந்தது. அப்போது அவருக்கு அகவை ஏறத்தாழ 69. ஒரு மன்னர் அழைத்து வந்த இசைஞர் அவர்; மன்னர் பெயர் இல்லாத பாட்டை இப்போது அவரிடமே ஒப்படைத்தனர். நேபாள எல்லைக்கு வெளியே பிறந்தவர் அவர். நேபாளம் முழுவதும் பாட வேண்டிய பண்ணை அவரே அமைக்க வேண்டியிருந்தது. நாடு இல்லையே என்று ஏங்கிய மக்களின் குரலாக இளமையில் பாடியவர், முதுமையில் ஒரு நாட்டுக்கே குரல் அமைத்தார். இத்தகைய பொருத்தம் எண்ணி அமைத்தால் வருமோ? வாழ்க்கையே அமைத்துத் தந்த பொருத்தம் இது.

நாட்டுப்பண்ணுக்கு மெட்டு அமைப்பதில் உள்ள அருமையை நாம் உணர்தல் வேண்டும். தேர்ந்த பாடகர் ஒருவருக்கு மெட்டு அமைப்பது எளிது. குரல் எவ்வளவு மேலே சென்றாலும் அவர் எட்டிப் பிடிப்பார். எவ்வளவு நுண்ணிய வளைவு இருந்தாலும் வழுவாமல் பாடுவார். நாட்டுப்பண்ணைப் பாடுவோர் யாவர்? ஆறு வயதுச் சிறுவன் பாடுவான். எழுபது வயது மூதாட்டி பாடுவார். சுருதி என்றால் என்ன என்று அறியாதவரும் பாடுவர். ஆதலின் மெட்டு மிக உயரவும் கூடாது. மிகத் தாழவும் கூடாது. மூச்சு முட்டும் நீளமும் ஆகாது. ஒருமுறை கேட்டவர் மறுமுறை உடன்பாட வேண்டும். ஆயிரம் முறை பாடினாலும் சலிப்புத் தட்டலாகாது. எளிமை என்பது புலமை இல்லாமையால் வருவது அன்று. புலமை முற்றிக் கனிந்த பின் வருவது.

பல நாடுகளின் நாட்டுப்பண்களை நான் இசைப்பதிவில் கேட்டிருக்கிறேன். பெரும்பாலானவை படைநடையின் முழக்கம் உடையவை; கொம்பும் முரசும் அவற்றில் முன்னிற்கும். நேபாளத்தின் பண் அவ்வாறு இல்லை. மலைப்பாதையில் சுமையோடு நடந்து செல்லும் ஒருவர், நடையின் தாளத்துக்கு இசையத் தமக்குள் பாடிக்கொள்வது போன்ற இயல்பான ஓட்டம் அதற்கு உண்டு. அதனை முதன்முறை கேட்டபோது, நாட்டுப்பண் என்று எவரேனும் கூறியிராவிட்டால், நாட்டுப்பாடல் என்றே கருதியிருப்பேன். அம்பர் குருங் எத்தனையோ கருவிகளைக் கையாளக் கற்றவர். ஆயினும் நாடு தம்மை நோக்கி நின்ற வேளையில், கற்ற வித்தையைக் காட்ட அவர் எண்ணவில்லை. மக்கள் முன்பே அறிந்திருந்த நடையையே எடுத்துச் செப்பம் செய்து அவர்களிடம் திருப்பித் தந்தார்.

2007-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 3-ஆம் நாள் அப்பாட்டு நேபாளத்தின் நாட்டுப்பண்ணாக முறைப்படி அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மே 28-ஆம் நாள் நேபாளம் குடியரசு ஆயிற்று. குடியரசு பிறக்கும் முன்னரே அதன் பாட்டுப் பிறந்துவிட்டது. டார்ஜிலிங்கில் நாம் கண்டது போன்றே இங்கும் பாட்டு முன்னே சென்றது. சட்டம் பின்னே வந்தது.

2010-ஆம் ஆண்டில் இசைக்கும் நாடகத்துக்கும் எனத் தனியாக ஒரு கலைக்கழகம் நேபாளத்தில் அமைந்தபோது, அதன் முதல் தலைவராக அம்பர் குருங் பொறுப்பேற்றார். மலையூரில் சிறு பள்ளி நடத்தியவர், நாட்டின் இசைக்கழகத்துக்கே தலைவரானார். 2016-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள், 78-ஆம் அகவையில் அவர் காட்மாண்டுவில் மறைந்தார். காட்மாண்டுவும் டார்ஜிலிங்கும் ஒருசேரத் துயருற்றன. எல்லைக்கோடு ஒன்று இரண்டு ஊர்களையும் பிரிக்கிறது. ஆனால் பாட்டுக்கு எல்லை ஏது? இரண்டு ஊரினரும் அவரை 'எம்மவர்' என்றே கூறினர். கூறுதற்கு உரிமையும் உடையவர்.

அவர் வாழ்க்கையை எண்ணும்போது ஒன்று எனக்குத் தெளிவாகிறது. புகழ் இருவகைப்படும். 'இது நான் செய்தது' என்று நாம் சொல்வதால் வருவது ஒன்று. 'இது எங்களுடையது' என்று பிறர் சொல்வதால் வருவது மற்றொன்று. முதல்வகைப் புகழுக்கு நாம் உயிரோடு இருத்தல் வேண்டும். நாளும் அதனைச் சொல்லிக்கொண்டிருத்தல் வேண்டும். இரண்டாம் வகைக்கு நாம் இருத்தலும் வேண்டுவதில்லை.

மாணவர்களே! நாட்டுப்பண்ணை நீங்கள் பள்ளியில் பலமுறை பாடுகின்றீர்கள். அவ்வேளையில் உங்கள் குரல் தனித்து ஒலிக்க வேண்டும் என்று எண்ணாதீர்கள். அருகில் நிற்பவன் குரலைக் கேளுங்கள். அதனோடு உங்கள் குரலை இசையுங்கள். அவன் வீட்டில் பேசும் மொழி வேறாக இருக்கலாம். அவன் தொழும் முறை வேறாக இருக்கலாம். பாடும் அந்தச் சிறுபொழுதில் அவனும் நீங்களும் ஒரே மூச்சில் நிற்கின்றீர்கள். அந்தச் சிறுபொழுதை நேபாள மக்களுக்குத் தருவதற்காகவே இமயச் சாரலில் ஒருவர் தம் வாழ்நாளெல்லாம் இசை கற்றார் என்று எனக்குத் தோன்றுகிறது. பாடி முடித்த பின்னரும் அந்த ஒற்றுமை கலையாதபடி காப்பது பாட்டின் பொறுப்பு அன்று, பாடியவரின் பொறுப்பு.